டெம்ப் ஃபோல்டரும் வைண்டர்காரரின் பயோடேட்டாவும்

நான் செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமில் ஒரு ஓட்டை இருந்தது. அறுபத்தெட்டு வயதான ஒரு பெரியவர் மறுமணத்துக்காகத் தயார் செய்த பயோடேட்டா, அந்த ஓட்டை வழியாக ஊர் நடுவில் வந்து விழுந்தது. பழி, அதை டைப் செய்து கொடுத்த பெண்மணியின் மேல் போனது. ஓட்டை என்னுடையது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்து வாரம் மௌனமாக இருந்தேன். முதல் நாள் ஒரே ஒரு தடவை வாய் திறந்தபோதும், பழி அந்த அம்மாளின் மேல் இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும்படி ஒரு வாக்கியம் சொன்னேன்.

நடந்ததை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வருகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிரித்துக்கொண்டே எழுதினால் தவறு சின்னதாகத் தெரியுமோ என்று பயமாகவும் இருக்கிறது. இரண்டையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

எனக்கு இப்போது எழுபத்துநான்கு வயது. இன்ஜினியரிங் படித்துவிட்டு, இங்கே கனரகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துத் தங்கவயலுக்கு வந்தவன். கடைசிப் பதினைந்து வருடம் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெற்றதும் திருச்சிக்கே போய்விடலாம் என்றாள் என் மனைவி. இந்தக் குளிரில் நாற்பது வருடம் இருந்துவிட்டு அந்த வெயிலுக்கு யார் போவது என்று நான்தான் தட்டிக் கழித்தேன். வீட்டில் சும்மா இருக்கவும் முடியவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கம், பழைய சுரங்க கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒரு சேவை மையம் தொடங்கியபோது, கம்ப்யூட்டர் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தேன். வெளிக்கூடத்தில் நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். உள் அறையில் ஒரு சர்வர். காற்றடித்தால், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி வந்து எல்லாவற்றின் மேலும் படியும். வாரம் ஒருமுறை பிரஷ் வைத்துத் துடைப்பதும் என் வேலைதான்.

மையத்தின் உயிர், டைப் அக்கா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். ஐம்பதை நெருங்கும் வயது. அப்பா சுரங்கத் தொழிலாளி. கணவர் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்வருபவர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பார். மையம் வருவதற்கு முன்பு இருபது வருடம் பஜாரில் ஒரு டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தவர். ஊரில் பாதிப் பேருடைய மனுக்கள், புகார்கள், சொந்தக் கடிதங்கள் அவர் விரல் வழியாகப் போயிருக்கின்றன. ஒரு சொல்கூட வெளியே வந்ததில்லை. ஒருமுறை அண்ணன் காலையில் வந்து தம்பி மேல் புகார் எழுதிப் போயிருக்கிறார். மத்தியானம் தம்பி வந்து அண்ணன் மேல் எழுதிப் போயிருக்கிறார். இருவருக்கும் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்து, இருவரிடமும் "வாங்க, போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியவர். இந்தக் கதையைக்கூட அவர் சொல்லவில்லை. பிற்பாடு சமாதானமான அண்ணனும் தம்பியும் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். ரகசியம் காப்பவர் என்ற அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து. அதைத்தான் நான் கெடுத்தேன்.

மையத்துக்கு வருகிறவர்களின் கோப்புகளைக் கையாள நானே ஒரு புரோகிராம் எழுதினேன். ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாள எண் வேண்டும். செல்போன் நம்பரைக் கேட்டால் வயதானவர்கள் விழித்தார்கள். பேரனைக் கேட்க வேண்டும் என்றார்கள். ஆனால் "பில்லை நம்பர்?" என்று டைப் அக்கா கேட்டால் போதும், பட்டென்று பதில் வரும். சுரங்கத்தில் இறங்குகிறவருக்கு நம்பர் அடித்த ஒரு பித்தளைப் பில்லை கொடுப்பார்கள். இறங்கும்போது அதைப் போர்டில் மாட்ட வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். போர்டில் பில்லை தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. பில்லை நம்பர் மட்டும் வீட்டுப் பெயர் மாதிரி நிலைத்துவிட்டது. பேரனுக்குப் பெண் பார்க்கப் போனால்கூட, எந்த நம்பர் வீட்டுப் பெண் என்று கேட்பார்கள்.

நான் ஃபேக்டரிக்கு வந்தவன். எங்கள் வீட்டில் பில்லை கிடையாது. எனக்கு அது ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத, யாரும் மறக்காத ஒரு நல்ல எண்ணாக மட்டும் பட்டது. அதையே எடுத்துக்கொண்டேன். போர்டில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிடுவதற்காகவே அடித்த எண் அது என்று எனக்கு உறைக்கவில்லை.

இனி கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

எந்த சர்வரும் வேலையின் நடுவில் அரைகுறையான விஷயங்களை எங்காவது வைத்தாக வேண்டும். ஒரு கடிதத்தை டைப் செய்து முடித்தபின், பிரிண்டருக்குப் போகும்வரை அது ஓர் இடத்தில் காத்திருக்கும். அந்த இடத்துக்கு டெம்ப் ஃபோல்டர் என்று பெயர். அது நம் ஊர்ப் புறம்போக்கு நிலம் மாதிரி. யாரும் வரலாம், யாரும் எதையும் வைக்கலாம், காவல் கிடையாது. அதனால் அங்கே பொருள் வைக்கிறவன் சில காரியங்களைக் கட்டாயம் செய்ய வேண்டும். யாரும் ஊகிக்க முடியாத பெயரைக் கோப்புக்கு வைக்க வேண்டும். வைத்தவனைத் தவிர வேறு யாரும் திறக்காதபடி பூட்ட வேண்டும். அதே பெயரில் ஏற்கெனவே அங்கே ஏதாவது இருந்தால் அதைத் தொடக்கூடாது, ஏனென்றால் நமக்கு முன்பே எவனாவது நம் பெயரில் அங்கே குடிசை போட்டிருக்கலாம். வேலை முடிந்ததும் துடைத்துவிட்டு வர வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஃபேக்டரியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தவனே நான்தான்.

இத்தனை தெரிந்தவன் மையத்தில் செய்தது இது. கோப்பின் பெயர், பில்லை நம்பர். அவ்வளவுதான். பென்டிரைவில் எடுக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று ஃபோல்டரைக் கூடத்தில் இருந்த நான்கு கம்ப்யூட்டருக்கும் திறந்து வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வசதி செய்தேன். இங்கே கரண்ட் சொல்லிக்கொள்ளாமல் போகும். பாதியில் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டாம் என்பதற்காக, அந்த நம்பரில் ஏற்கெனவே ஒரு கோப்பு காத்திருந்தால் அதையே எடுத்துப் பிரிண்ட் செய்துவிடும்படி எழுதினேன். கரண்ட் வந்ததும் நம்பரைத் தட்டினால் கடிதம் தானாக வரும். ஜனங்கள் அசந்துபோனார்கள். சங்கத்தின் ஆண்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வை என் மனைவியிடம் இருக்கிறது. கிரைண்டருக்கு உறையாக.

எச்சரிக்கை வராமல் இல்லை. பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தினம் ரயிலில் போய்வரும் ஒருவர், நாற்பது வயதுக்காரர், ரயில்காரர் என்றே அவரைச் சொல்வோம், சனிக்கிழமைகளில் மையத்துக்கு வருவார். ஒரு சனிக்கிழமை, கூட்ட அறிவிப்பு ஒன்றைப் பிரிண்ட் எடுக்க சங்கத் தலைவர் தன் நம்பரைத் தட்டினார். பிரிண்டரிலிருந்து மாலை போட்ட ஆட்டுக்கிடா படம் ஒன்று வெளியே வந்தது. கூடம் சிரித்து ஓய்ந்த பிறகு, ரயில்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், தலைவர் நம்பரு ஊருக்கே தெரியும். அதே பேர்ல ஒரு ஃபைலை முன்கூட்டி போட்டு வெச்சேன், உங்க புரோகிராம் கண்ணை மூடிக்கினு அதை எடுத்துக்கிச்சு. இன்னிக்கு ஆடு. நாளைக்கு இன்னா வரும்னு தெரியாது. அப்பால ஃபோல்டரைத் திறந்தா எல்லார் கடுதாசியும் படிக்கலாம். நான் படிக்கலை. படிக்கலாம்னு சொல்றேன்."

அடுத்த வாரம் சரிசெய்கிறேன் என்றேன். எட்டே வரி மாற்ற வேண்டிய வேலை அது. செய்யவில்லை. சோம்பல் ஒரு பங்கு. என்னைவிட முப்பது வயது சிறியவர் எல்லோர் முன்னாலும் ஆட்டை வைத்து என்னைச் சிரிப்பாக்கிவிட்டாரே என்ற கோபம் மூன்று பங்கு. அவர் சொல்லி உடனே செய்தால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடுமாம்.

இப்போது வைண்டர்காரரைப் பற்றி. சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். மேலே இருந்து அந்தக் கேஜை இயக்கும் இன்ஜினை ஓட்டுகிறவர் வைண்டர். சுரங்கம் மூடும்வரை அந்த வேலை பார்த்தவர் அவர். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். பக்கத்து ஊரான பேத்தமங்களாவில் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் தனியாக இருந்தார். இருவருக்கும் தெரிந்த ஒருவர் பேச்சை எடுத்திருக்கிறார். நர்ஸ் அம்மா, முதலில் எழுத்தில் எல்லா விவரமும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். மகனிடம் இன்னும் சொல்லாத நிலையில், வைண்டர்காரர் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் டைப் அக்காவிடம் வந்து, கூடத்தில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பயோடேட்டா சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அக்கா அடித்தார். பிரிண்ட் கொடுக்கும்போது கரண்ட் போனது. திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

சனிக்கிழமை காலை அவர் மகன் வந்தார், கேஸ் இணைப்பு விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்க. வீட்டு நம்பரைத் தட்டினார். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பில்லை நம்பர்தானே. என் புரோகிராம் டெம்ப் ஃபோல்டருக்குப் போனது. அந்த நம்பரில் ஒரு கோப்பு காத்திருந்தது. கரண்ட் போனதால் நின்றுபோன வேலை என்று நினைத்து, பெருமையாக அதை எடுத்துப் பிரிண்ட் செய்தது. மகன் கேட்டபடி மூன்று பிரதி.

பிரிண்டர் பக்கத்தில் நின்றவர் எதிர்ச்சாரி டீக்கடைக்காரர். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் உரக்கப் படிப்பது அவர் பழக்கம். கெட்ட எண்ணம் இல்லை, கண்ணாடி போட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"யாருதுப்பா இது? வயது அறுபத்தெட்டு. உடல் திடம். வெற்றிலை, புகை இல்லை. குறட்டை உண்டு, முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். சமையல் தெரியும், சாம்பார் மட்டும் வராது. கடைசிக் காலத்தில் பேச்சுத்துணைக்கு..."

அதற்குள் மகன் தாளைப் பிடுங்கிவிட்டார். ஆனால் கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பத்து மணிக்கு நடந்தது பதினோரு மணிக்குள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. சாம்பார் வராதாமே என்று முன்பின் தெரியாதவர்கள்கூட வைண்டர்காரரைக் கேட்டார்கள்.

மகன் நேராக டைப் அக்காவிடம் போனார். இதை அடித்தது நீங்கள்தானே, என் கையில் கிடைக்கும்படி வைத்ததும் நீங்கள்தானே என்று கேட்டார். நான் எதுவும் வைக்கவில்லை, மெஷின் தானாகக் கொடுத்தது என்றார் அக்கா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெஷினுக்கு ஜாமீன் நிற்க வேண்டியவன் நான்.

"கம்ப்யூட்டர் தானா எதுவும் செய்யாது. நாம சொன்னதைத்தான் செய்யும்" என்றேன்.

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சொன்னவன் நான் என்பதை மட்டும் சேர்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் என்னிடமிருந்து அக்காவிடம் திரும்பியதைப் பார்த்தேன். அப்போதாவது சேர்த்திருக்கலாம். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மானிட்டரின் தூசியைத் துடைத்தேன்.

மறுநாள் வைண்டர்காரர் வந்து, அக்காவின் மேஜை முன்னால் நின்று, உன்னை நம்பித்தானேம்மா சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். அதன்பிறகு ஜனங்கள் மாறினார்கள். கடிதத்தை வீட்டிலேயே கையால் எழுதி, நான்காக மடித்துக் கொண்டுவந்தார்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போதுகூட அக்கா பார்க்காதபடி கையால் மறைத்தார்கள். பத்து நாள் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு அக்கா வருவதை நிறுத்திவிட்டார்.

நான் என்ன செய்தேன்? மூன்றாம் நாளே, யாருக்கும் சொல்லாமல், அந்த எட்டு வரியை மாற்றினேன். கோப்புக்கு யாரும் ஊகிக்க முடியாத பெயர், பூட்டு, வேலை முடிந்ததும் அழித்தல், எல்லாம் சரியாக. இனி அப்படி நடக்காது என்று நிம்மதியாகவும் இருந்தேன். அக்காவுக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே பொருளையும் அழித்துவிட்டோம் என்று தோன்றப் பல நாள் ஆனது.

ஐந்தாவது வாரம் ஒரு சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி காபி கொண்டுவந்தாள். அக்கா தம்ளரைக் கையில் எடுக்கவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அன்னிக்கு நான் எந்த பட்டனை தப்பா அமுத்தினேன்? தினம் யோசிச்சுப் பாக்கறேன், தெரியவே மாட்டேங்குது. அது தெரிஞ்சிட்டா, வைண்டர் அண்ணன்கிட்டப் போய் இதான் நான் செஞ்ச தப்புன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுடுவேன்."

நீ ஒன்றும் தப்பு செய்யவில்லையம்மா என்றேன். நான் பெருந்தன்மையாகப் பேசுவதாக நினைத்து, அவர் எனக்கு நன்றி சொன்னார். எழுபத்துநான்கு வயதில் அந்த நன்றியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் போனதும் என் மனைவி தம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டாள். "அந்தம்மா தப்பு பண்ணலைன்னா, பண்ணினது யாருங்க?"

சொன்னேன். ஆட்டில் ஆரம்பித்து எட்டு வரி வரைக்கும். டெம்ப் ஃபோல்டர் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. புறம்போக்கு என்றதும் புரிந்துகொண்டாள். நாளைக்கே அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றேன்.

"பழி கூடத்து நடுவுல, பத்துப் பேர் முன்னாடி விழுந்துச்சு. மன்னிப்பை மட்டும் அவங்க வீட்டுக்குள்ள வெச்சு, கதவைச் சாத்திக் கேப்பீங்களா?" என்றாள்.

சங்கத்தின் மாதக் கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தது. டைப் அக்காவை அழைத்துவரும் பொறுப்பை மனைவி ஏற்றாள். வைண்டர்காரரையும் மகனையும் ரயில்காரர் கூட்டிவந்தார். நான் வீட்டில் ஒரு பென்டிரைவில் மறந்து கிடந்த பழைய புரோகிராமின் பிரதியைத் தேடி எடுத்து ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

எழுந்து நின்று, வைண்டர் வீட்டு நம்பர் யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். கூடமே ஒரே குரலில் சொன்னது. டீக்கடைக்காரர் வீட்டு நம்பர்? அதையும் சொன்னது, கூடவே அவருடைய அப்பா எந்தச் சுரங்க ஷாஃப்ட்டில் வேலை பார்த்தார் என்பதையும். பிறகு வைண்டர் மகனைக் கூப்பிட்டு, அன்று செய்தது போலவே நம்பரைத் தட்டச் சொன்னேன். அவர் சந்தேகத்தோடு தட்டினார். பிரிண்டர் ஓடியது. பழக்க தோஷத்தில் டீக்கடைக்காரரே போய்த் தாளை எடுத்தார். கண்ணாடி போட்டார். படித்தார்.

"அன்று தவறு செய்தது டைப் அக்கா இல்லை. அவர் எந்த பட்டனையும் தப்பாக அமுத்தவில்லை. இந்த புரோகிராமை எழுதிய நான்தான் ஓட்டையை வைத்தேன். மூன்று மாதம் முன்பே என்னிடம் சொன்னார்கள். நான் அடைக்கவில்லை. தெரிந்தே அக்கா மேல் பழி விழவிட்டேன்."

கடைசி வரிக்கு வரும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. எப்படி நடந்தது என்று நான் விளக்கினேன். டீக்கடைக்காரர் படித்த கோப்பை நானே முன்கூட்டி அந்த நம்பரில் போட்டு வைத்ததையும், மெஷின் அதைத் தூக்கிக்கொண்டு வந்ததையும் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

முதலில் பேசியவர் வைண்டர்காரர். "சார், கேஜ்ல ஆளுங்களை இறக்கும்போது, கீழேர்ந்து பெல்லு அடிச்சா இன்ஜினை நிறுத்தணும். இன்னாத்துக்கு அடிச்சான்னு யோசிக்கக்கூட டைம் கிடையாது. உங்களுக்கு ஆடு பெல்லு அடிச்சுது. நீங்க நிறுத்தலை." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "எனக்கும் மனசுல பெல்லு அடிச்சுதும்மா, நீ அப்படி செய்ற ஆளு இல்லைன்னு. நான் கேக்கலை." அவ்வளவுதான் அவரால் முடிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அக்காவின் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"அஞ்சு வாரமா நான் சரியா தூங்கலை. நீங்க தூங்கினீங்களா சார்?"

"தூங்கினேம்மா" என்றேன். அன்று பொய் சொல்லும் தைரியம் என்னிடம் இல்லை.

"அப்படித்தான் நான் நினைச்சேன்" என்றார். எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து வந்தார். திரும்ப வேலைக்கு வருவதாகவும், ஆனால் உள் அறைச் சாவி தன்னிடம்தான் இருக்கும் என்றும் சொன்னார். சர்வரில் நான் ஒரு வரி மாற்றினாலும் அவருக்கு விளங்கும்படி சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். அதுவரை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வரிசைச் சீட்டுக் கொடுக்க வேண்டும். எத்தனை நாளைக்கம்மா என்று கேட்டேன்.

"சொல்றேன், போங்க" என்றார். எட்டு மாதமாகிறது. இன்னும் சொல்லவில்லை.

சீட்டுக் கொடுக்கும் வேலை மோசமில்லை. எல்லோரும் வந்து பேசுகிறார்கள். இன்னா சார், உங்க ஆடு எப்படி கீது என்று விசாரிக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் ரயில்காரர் தன் ஆட்டுப் படத்தோடு வந்து, எங்கேயாவது சந்து கிடைக்குமா என்று சர்வரைச் சோதிக்கிறார். ஆடு வெளியே வந்தால் எல்லோருக்கும் என் செலவில் டீ என்று பந்தயம். டீக்கடைக்காரர்தான் பாவம், வாராவாரம் ஏமாந்து போகிறார். அக்கா இப்போது டெம்ப் ஃபோல்டரை என்னைவிட நன்றாக அறிவார். சென்ற மாதம் நான் எழுதிய ஒரு வரியைப் படித்துவிட்டு, கரண்ட் பாதியில் போனால் இது அழியாமல் நிற்குமே என்று கேட்டார். நிற்கும்தான். திருத்தினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியவில்லை. சிலர் இன்னமும் மடித்த கடிதத்தோடுதான் வருகிறார்கள். நான் வாங்கிக் கொடுத்த கெட்ட பெயரைத் துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. பேத்தமங்களா நர்ஸ் அம்மாவுக்கு, பயோடேட்டா போய்ச் சேருமுன்பே பஸ்ஸில் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் வாயில் விழ எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டாராம். இதை என்னால் எப்படியும் ஈடுகட்ட முடியாது. நடந்ததை எழுதி அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் வரவில்லை. மகன் அப்பாவிடம் சமாதானமாகிவிட்டார். தன் விண்ணப்பங்களுக்கு மையத்துக்கு வருகிறார். வைண்டர்காரர் மட்டும் வரவே இல்லை. தெருவில் பார்த்தால் தலையாட்டுவார்.

போன செவ்வாய்க்கிழமை வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். நான் சீட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, டைப் அக்காவைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கீபோர்டுச் சத்தம் நெடுநேரம் கேட்டது. ஒருமுறை அக்கா சிரித்தது கேட்டது. உள் அறையில் இப்போது ஒரு சின்னப் பிரிண்டர் வைத்திருக்கிறோம். அது இரண்டு தாள் ஓடிய சத்தம் வந்தது. பிறகு வைண்டர்காரர் ஒரு கவரைச் சட்டைப் பைக்குள் வைத்து, பட்டனும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பேத்தமங்களா பஸ் எத்தனை மணிக்கு என்று டீக்கடைக்காரரைக் கேட்டார். கேட்கக்கூடாத ஆளைக் கேட்டுவிட்டோம் என்று தெரிந்து, சும்மா கேட்டேன் என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் போனதும் உள்ளே போய், அக்காவிடம் அனுமதி கேட்டு, சர்வரில் டெம்ப் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன்.

"காலியா கீதா சார்?" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல்.

"காலியா இருக்கும்மா."

"அப்ப வெளியில போய் சீட்டு குடுங்க. நாலு பேரு நின்னுக்கினு கீறாங்க."